பதினோராம் விதியும் ஒரு தஞ்சோ மீனும்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் என் படத்தை எட்டடி உயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். 'மலேசியா புகழ் சர்வதேச நடுவர்' என்று கீழே போட்டிருந்தது. படத்தில் என் வயதில் இருபது குறைந்திருந்தது. கன்னத்து மருவைக் காணோம். வழுக்கையில் பாதியை யாரோ முடி வைத்து மூடியிருந்தார்கள். மீனுக்கு ஒப்பனை செய்கிறவர்களைப் பிடிக்க வந்த நடுவருக்கு வாசலிலேயே நடந்த ஒப்பனை இது.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். அங்கே முப்பத்தொரு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன் நான். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று எண்ணுவது வேலை. வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டிக் கோய் என்ற ஜப்பானிய வண்ண மீன் வளர்த்தேன். அதிகம் போனால் பதினான்கு. ஒரு முறை பினாங்கில் நடந்த மீன் காட்சியில், நடுவர்கள் கை துடைப்பதற்குத் துண்டைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அவர்கள் பின்னால் நடந்தேன். என் சர்வதேச அனுபவம் அவ்வளவுதான். இதை இந்த ஊர் கோய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் முரளியிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"சார், எங்க கையில துண்டு கூட யாரும் குடுத்ததில்ல. நீங்கதான் ஜட்ஜ்" என்றார் அவர்.

அந்த நடுவர் வேலையால் நான் தங்கியிருக்கும் வீட்டை விட்டே கிளம்ப வேண்டிய நிலை வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. என் ஒரே மகள் கவிதாவைத் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்க அனுப்பினேன். பட்டத்தோடும் ஒரு மாப்பிள்ளையோடும் வந்து நின்றாள். கல்யாணம் முடிந்ததும் இங்கேயே திரும்பிவிட்டாள். என் மனைவி போன பிறகு, "அப்பா, அங்க யாருக்காக இருக்கீங்க?" என்று கேட்டாள். மீன்களை நண்பர்களிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

வந்த நாளிலிருந்து ஏதாவது ஒன்றில் இடறிக்கொண்டே இருக்கிறேன். முதல் வாரம், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரரிடம் நம் ஊர் வழக்கப்படி, "பசியாறியாச்சா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், நாஷ்டா வாங்கித் தரப்போறியா?" என்றார். வாங்கித் தந்தேன். நான்கு இட்லி, ஒரு வடை. அதற்குப் பிறகு யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

வங்கியில் ஆதார் கேட்டார்கள். ஆதாருக்குப் போனால் கைரேகை விழவில்லை. இத்தனை வருடம் கையுறையைத் தடவித் தடவி விரல் வழுவழுப்பாகிவிட்டதோ என்னவோ. ஐந்து முறை வைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "சார், நீங்க இருக்கீங்கன்னே மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது" என்று வருத்தப்பட்டாள். சொந்த ஊர் எது என்றாள். சுங்கைப் பட்டாணி என்றேன். "அது எந்த டிஸ்ட்ரிக்ட் சார், மதுரைப் பக்கமா?" என்றாள்.

பேத்தி ரித்திகாவுக்குப் பதினோரு வயது. சின்னவளாக விடுமுறைக்கு வரும்போது, தொட்டிக் கரையில் என் மடியில் உட்கார்ந்து சத்து, டுவா, தீகா என்று மலாயில் மீன் எண்ணுவாள். இப்போது நான் 'சத்து' என்று எடுத்துக் கொடுத்தால், "தாத்தா, மொக்க போடாதீங்க" என்கிறாள். எண்ணிக்கையில் அவளுக்கு ஆர்வமே போய்விட்டது. வீட்டில் மின்விசிறி எத்தனை என்று கேட்டேன், தெரியவில்லை. ஏழு.

இதையெல்லாம்விடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. நான் இருப்பது சம்பந்தி வீட்டில். கீழே சம்பந்தி சுந்தரமூர்த்தியும் அவர் மனைவி விசாலாட்சி அம்மாளும், முதல் மாடியில் மகள் குடும்பம், மொட்டை மாடியில் ஓர் அறையில் நான். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணின் அப்பா போய் நிரந்தரமாக உட்காருவது அங்கேயும் வழக்கமில்லை, இங்கேயும் இல்லை. "ரூம் சும்மாதானே இருக்கு சம்பந்தி" என்று சொல்லிச் சொல்லி அவர்தான் என்னை இருத்திக்கொண்டார். அதனால் இந்த வீட்டில் இரண்டாவது தோசை கேட்பதற்குக்கூட எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

3

எங்களைச் சேர்த்து வைத்தது மீன். சம்பந்தி காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் நிறுத்த விட்டிருந்த இடத்தைத் தோண்டிக் குளம் கட்டினார். கார் இன்று வரை தெருவில் வெயில் காய்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும்போது முதல் குழாய் குளத்துக்கு, இரண்டாவதுதான் வீட்டுக்கு. நான் வந்ததும் வடிகட்டியை மாற்றச் சொன்னேன்; தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். இறந்துகொண்டிருந்த மீன்கள் இறப்பதை நிறுத்தின. அன்று முதல் என்னைத் தெருவில் எல்லாரிடமும் பெருமையாக அறிமுகப்படுத்துவார்.

குளத்தில் ஒன்பது மீன். அதில் ஒன்று தஞ்சோ. உடம்பு முழுக்க வெள்ளையாக இருந்து, தலை உச்சியில் மட்டும் வட்டமாக ஒரு சிவப்பு இருந்தால் அந்த வகைக்குத் தஞ்சோ என்று பெயர். வேறு எங்கும் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. சம்பந்தி அதற்கு மகாலட்சுமி என்று பெயர் வைத்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தது போலவே இருக்கும்.

விசாலாட்சி அம்மாள் ஆரம்பத்தில் மீனே வேண்டாம் என்றவர். "சைவக்காரங்க வீட்டு வாசல்ல மீனு, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" பிறகு மகாலட்சுமி அவர் கையில் வந்து தீனி வாங்க ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்காரர்கள், அவர்களுடைய வாடகைக்காரர்கள், கூரியர் கொடுக்க வருகிறவர் என்று எல்லாரும் அதை எட்டிப் பார்த்து "அடடா" என்றார்கள். ஒவ்வொரு 'அடடா'வுக்கும் மீனுக்குக் கண் பட்டுவிடும் என்று அந்த அம்மாள் பயந்தார். வெள்ளிக்கிழமைதோறும் குளத்தை மூன்று சுற்றுச் சுற்றி, கையில் இருக்கும் கல் உப்பைத் தண்ணீரிலேயே போட்டுவிடுவார். அந்த அளவு உப்பு கோய் மீனுக்கு நல்லதுதான். என் வைத்தியத்தில் பாதிப் பெயர் அவருக்குப் போக வேண்டியது.

4

இந்த வருடம் சங்கம் முதல் முறையாகப் போட்டி வைத்தது. விதிகள் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினேழு விதிகள் எழுதினேன். தகராறு பதினொன்றில்தான்.

கோய் மீனின் நிறத்தை மனிதர்கள் திருத்துவதுண்டு. சிவப்பின் ஓரம் கோணலாக இருந்தால், மீனை மயக்கிப் பிளேடால் லேசாகச் சுரண்டி நேராக்குவார்கள். தப்பான இடத்தில் ஒரு செதில் நிறமாக இருந்தால் இடுக்கியால் பிடுங்கிவிடுவார்கள். முளைக்கும்போது சிலசமயம் வெள்ளையாக முளைக்கும். இங்கே இதற்கு 'டச்சப்' என்று பெயர். கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதற்கும் அதே பெயர்தான்.

சம்பந்திக்கு ஒருவர் மேல் சந்தேகம். ராஜகீழ்ப்பாக்கத்துத் தேவராஜ். அவர்கள் அந்த இடம் வயலாக இருந்த காலத்திலிருந்தே இருக்கும் குடும்பம். இப்போது வயல் இருந்த இடத்தில் அவருடைய மூன்று குடியிருப்புகள் நிற்கின்றன. அவரிடமும் ஒரு தஞ்சோ இருந்தது.

"வளையல வெச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு சம்பந்தி அந்த வட்டம். கடவுள் அப்படியெல்லாம் போட மாட்டார். டச்சப் பண்ணியிருக்கான்" என்றார் சம்பந்தி.

சங்கக் கூட்டத்தில் தேவராஜ் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கலர் ஏத்தற தீனி போடலாம், பிளேடு போடக்கூடாது. இன்னா நியாயம் சார் இது? ரெண்டுமே மேக்கப்தானே?"

நல்ல கேள்வி. நான் அதை இரண்டு நாள் யோசித்திருந்ததால் பதில் தயாராக இருந்தது. "தீனி போட்டா மீன் தன் நிறத்தத் தானே போட்டுக்குது. பிளேடுன்னா நாம போடறோம். போட்டி மீனுக்குத்தான், நமக்கு இல்ல."

"செதில் பிடுங்குதல், சுரண்டுதல், சாயம் பூசுதல்" என்று மூன்றை வரிசையாக எழுதி, இவை செய்த மீன் நீக்கப்படும் என்று முடித்திருந்தேன். சம்பந்தி விடவில்லை. "மூணு சொன்னா நாலாவதக் கண்டுபிடிப்பான். 'மனிதர் கையால் செய்த எந்த மாற்றமும்'னு போடுங்க. அந்த 'எந்த'வ விட்டுடாதீங்க." கூட்டம் கை தட்டியது. அப்படியே போட்டேன். தேவராஜும் கை தட்டினார் என்பதை அப்போதே கவனித்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பந்திப் பாய் விரிக்கும் இடத்தில் நாற்பத்தாறு நீலத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மீன். உரிமையாளர் பெயர் கிடையாது, எண் மட்டும். நடுவர்கள் மூன்று பேர்: நான், முரளி, கால்நடை மருத்துவர் வசந்தி.

தொடங்கும் முன்பே முரளியிடம் சொன்னேன்: "முப்பத்தொன்றாம் தொட்டி எங்க வீட்டு மீன். அதுக்கு நான் மார்க் போடறது சரியில்ல."

"சார், டாக்டரம்மா தேவராஜ் வீட்டு மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவங்க. எனக்கு ரெண்டு பேருமே சந்தா குடுக்கறவங்க. அப்படிப் பாத்தா மூணு பேரும் வெளிய நின்னு பஜ்ஜி சாப்பிட வேண்டியதுதான். போடுங்க சார்."

பன்னிரண்டாம் தொட்டி தேவராஜுடையது; பெயர் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். பூதக்கண்ணாடி எடுத்துக் குனிந்தேன். டார்ச் அடித்தேன். சுரண்டிய தழும்பு இல்லை. செதில் முளைத்த அடையாளம் இல்லை. வளையலால் வரைந்த வட்டம் என்றாரே, கிட்டத்தில் பார்த்தால் இடது பக்கம் ஒரு சின்னப் பள்ளம்கூட இருந்தது. பிளேடு எடுத்தவன் அதையல்லவா முதலில் சரி செய்திருப்பான்? மீன் சுத்தம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அப்படியே சுற்றிக்கொண்டு முப்பத்தொன்றுக்கு வந்தேன். மகாலட்சுமி தொட்டி நடுவில் அசையாமல் நின்றாள். வட்டமும் வெள்ளையும் குறையே சொல்ல முடியாது. மார்க் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு அவள் மெல்லத் திரும்பினாள். இடது கன்னத்தில், செவுள் மூடியின் மேல், உளுந்து அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

முந்தின நாள் சாயங்காலம் அது இல்லை. நான் தினமும் பார்க்கிற மீன்.

வசந்தி டாக்டர் ஈரத் துணியைச் சுற்றிப் பிடித்து, பஞ்சால் தொட்டுப் பார்த்தார். "நிறமி இல்ல சார். மேல வெச்சது. மீன் புண்ணுக்குப் போடற பெர்மாங்கனேட் கறை மாதிரி இருக்கு, பட்ட எடம் கறுத்துடும். அடியில புண்ணும் இல்ல."

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சம்பந்தி எட்டிப் பார்த்தார். அவர் முகம் சிவந்த வேகத்தை நான் எந்த மீனிடமும் கண்டதில்லை.

"யார் வேலைன்னு எனக்குத் தெரியும்! ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சு என் மீனு மூஞ்சில மை பூசிட்டான்! காலைல தொட்டி இறக்கறப்ப இவன் ஆளுங்கதான் பக்கத்துல நின்னாங்க!" என்று தேவராஜைப் பார்த்துக் கையை நீட்டினார்.

தேவராஜ் பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தார். "இன்னா சார், வார்த்தைய அளந்து பேசு. உன் மீனு மூஞ்சிய நான் ஏன் தொடறேன்? எனக்கு வேற வேலை இல்ல?"

"வேற யாரு பண்ணுவா?"

"ஏங்க, கத்தாதீங்க. நான்தான் வெச்சேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

விசாலாட்சி அம்மாள். பட்டுப்புடவை, கையில் வெற்றிலைத் தாம்பாளம். மண்டபம் என்றதும் பழக்கதோஷத்தில் தாம்பாளத்தோடு வந்திருந்தார்.

"நீயா? என்னத்த வெச்ச?"

"திருஷ்டிப் பொட்டு. காலைல வீட்டுல மீனப் பையில போடறப்ப நீங்க ஆக்சிஜன் சிலிண்டர் எடுக்க உள்ள போனீங்கல்ல, அப்ப. முந்தானையால கன்னத்தத் தொடச்சிட்டு, மீனுப் புண்ணுக்குக் கொழைச்சுப் போடுவீங்களே அந்த ஊதா மருந்து, அதுல தீக்குச்சியத் தொட்டு வெச்சேன். கண் மை வெச்சா தண்ணில நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை ஜனம் பாக்கும். பச்சக் கொழந்தைய ஒரு பொட்டு வெக்காம எப்படிங்க சபைல விடறது?"

கூட்டத்தில் எங்கோ ஒரு பெண், "அதானே" என்றார்.

நாங்கள் மூவரும் மேடைப் பக்கம் ஒதுங்கினோம். முரளி கெஞ்சினார். "சார், இது அழகு பண்ணது இல்லையே. அசிங்கம்தானே பண்ணாங்க. ரெண்டு மார்க் கொறைச்சிட்டு விட்டுடலாம்."

"ரூல்ல அழகுன்னு இல்லையே. 'எந்த மாற்றமும்'னுதானே இருக்கு?" என்றார் டாக்டர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது நான்.

தேவராஜ் அங்கேயே வந்துவிட்டார். "வுடு சார். பெரிம்மா ஆசையா வெச்சிக்கீது. எங்கம்மாவும் என் மீனுக்குக் கயிறு கட்டணும்னு நேத்து ஒரே ரகள. மீன எங்க கட்டறதுன்னு தெரியாம வுட்டுட்டோம். அது பாட்டுக்கு நிக்கட்டும், பாத்துக்கலாம்."

இதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஏனென்றால் எனக்குள் ஒரு கேள்வி வந்துவிட்டது. தேவராஜின் அம்மா தன் மீனுக்கு அந்தக் கயிற்றைக் கட்டியே இருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் பதினோராம் விதியைப் படித்துக் காட்டியிருப்பேன். சந்தேகமே இல்லை. நாற்பத்தாறு தொட்டிக்காரர்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொட்டு தவறில்லை என்று சொன்னால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள், அடுத்த வருடம் ஒரு விதியையும் மதிக்க மாட்டார்கள்.

மைக் என் கையில் இருந்தது. "முப்பத்தொன்றாம் தொட்டி நீக்கப்படுகிறது" என்றேன். என் குரல் கூரையில் இடித்துத் திரும்பி வந்தது. தேவராஜ் மீனுக்கு முதல் பரிசு.

விசாலாட்சி அம்மாள் கணவர் பக்கம் திரும்பி, "அந்தத் தம்பிகிட்ட சாரி சொல்லுங்க" என்றார். சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

6

மாப்பிள்ளை ஓட்டிய காரில் நான் முன்னால், அவர்கள் பின்னால், மகாலட்சுமி பையில். சிட்லபாக்கம் ஏரிக்கரை முழுக்கச் சம்பந்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காப்பி மேலே வந்தது. ஆனால் சம்பந்தி வரவில்லை. வழக்கமாகக் குளத்தங்கரையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதில் மீன் வலையை மாட்டி வைத்திருந்தார்.

மகள் மாடிக்கு வந்தாள். "அப்பா, ஒரு பொட்டுக்காகவா? அவர் நாலு வருஷமா அந்த மீன வளத்தார். நீங்க அவர் வீட்டுல இருக்கீங்க."

"அவர் வீட்டுல இருக்கேன்னுதான் விட முடியல."

"உங்களுக்கு எல்லாமே கையுறைதான்பா. ஓட்டை இருக்கா, தூக்கிப் போடு."

அவள் போன பிறகு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கையுறையை வளர்த்தவர் யாரும் மேசைக்கு எதிரே நிற்க மாட்டார். அங்கே என் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

புதன்கிழமை மேடவாக்கத்தில் மூன்று வீடு பார்த்தேன். முதல் வீட்டில் ஐடி ஆட்களுக்கு மட்டும் என்றார்கள். இரண்டாவதில் தனியாள் கூடாது, "ஏதாவது ஆயிட்டா யாருக்கு சார் போன் பண்றது?" மூன்றாவதில் ஆதார் கேட்டார்கள். மீண்டும் கைரேகைக் கதையை முதலிலிருந்து சொன்னேன். வீட்டுக்காரர் என் விரல்களைத் தொட்டுத் தடவிப் பார்த்து, நியாயம்தான் என்றார். அட்வான்ஸ் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

7

இன்று காலை சம்பந்தி மாடிப்படி ஏறி வந்தார். முட்டி வலி, முப்பத்தாறு படிக்கு இரண்டு இடத்தில் நின்றுதான் வருவார். வாசலில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மேடவாக்கத்துல வீடு பாக்கறீங்களாமே. கவிதா சொன்னா."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்க வேணாம்னு..."

"அத விடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நாலு நாளாத் தூக்கம் வரல. பொட்டு பாக்கறதுக்கு முன்னாடி நீங்க மார்க் போட்டுட்டீங்க, நான் பாத்தேன். எவ்ளோ?"

நீக்கப்பட்ட மீனின் மதிப்பெண்ணை யாருக்கும் வெளியிடக் கூடாது. அதுவும் நான் எழுதிய விதிதான், பதினைந்தாவது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் போல இருந்தார். இதைச் சொல்வதால் நாற்பத்தாறு பேரில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எண்ணிப் பார்த்தேன். யாருக்கும் இல்லை.

"தொண்ணூத்தி ஒண்ணு."

"தேவராஜுக்கு?"

"எண்பத்தெட்டு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு படி முனைக்குப் போய்க் கீழே குனிந்து, "விசாலம்! மூணு மார்க்! மூணு மார்க் நாம மேல!" என்று கத்தினார். தெருவில் போன தண்ணீர் லாரிக்காரர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கீழேயிருந்து அம்மாளின் குரல் வந்தது: "சத்தமா சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்!"

அவர் சந்தோஷமாக இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். மூன்று படி இறங்கினார். நின்றார். திரும்பி ஏறி வந்தார்.

"தொண்ணூத்தி ஒண்ணா? அப்ப ஒன்பது மார்க் எங்க சம்பந்தி போச்சு?"

"வால் பக்கம் உடம்பு கொஞ்சம் மெலிசு. அதுக்கு மூணு."

"மெலிசா? எங்க மெலிசு? வாங்க கீழ. வந்து காட்டுங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நாற்காலியிலிருந்த வலையைத் தூக்கி எறிந்தார். அப்போது காலை எட்டரை மணி இருக்கும். வால் மெலிவுக்குப் போட்ட மூன்றை அரை மனதாக ஒப்புக்கொண்டார். செவுள் ஓரத்து மஞ்சள் சாயலுக்கு ஒன்று. அது தண்ணீர் லாரிக்காரனின் குற்றம், மீன் மேல் எப்படிப் போடலாம் என்றார். துடுப்புக்குப் போட்ட இரண்டை ஒப்புக்கொள்ளவே முடியாது என்கிறார். மீதி மூன்றுக்கு இன்னும் வரவே இல்லை. விசாலாட்சி அம்மாள் சாப்பிட இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் தட்டைக் குளத்தங்கரைக்கே கொண்டுவந்தார். நானே இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மேடவாக்கத்து வீட்டுக்காரர் மதியம் போன் செய்தார். அட்வான்ஸ் பேசலாம், எப்போது வருகிறீர்கள் என்றார். இன்னும் ஆறு மார்க் பாக்கி இருக்கிறது, வர முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.